சவுரி

மேல ஒரு ரப்பர் பேண்டு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. எனக்கு அவ்வளவுதான் வேலை. பிள்ளைகள் ஒவ்வொண்ணா வந்து எனக்கு முதுகைக் காட்டி நிக்குதுக, நான் சடையை இறுக்கிக் கட்டி மேடைக்கு ஏத்தி விடுறேன், அங்க பியூட்டி பார்லர் ரோஸ்லின் மேல் பேண்டுக்கு மேல கத்தரியை வைக்கிறா, முடி அறுபடுற சத்தம் மைக்கு வழியா மண்டபம் முழுக்கக் கேக்குது, கைதட்டுறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, அடுத்த பிள்ளை. கேன்சர் வைத்தியத்துல முடி கொட்டிப்போனவங்களுக்கு விக் செய்யறதுக்காகக் கூந்தல் தானம். மேடைக்குப் பின்னால பேனர் கட்டியிருக்கு. சுடர் மகளிர் சேவைச் சங்கம், கோவில்பட்டின்னு கொட்டை எழுத்துல, அதுக்குக் கீழ தலைவி இந்துமதி அக்கா சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம், ஓரமா தபால்தலை அளவுல என் மூஞ்சி, திட்டப் பொறுப்பாளர் சொர்ணலதா, ஆசிரியை. நேத்தே எல்லாத்துக்கும் சொல்லிட்டேன், எண்ணெய் வைக்காம ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வாங்கடின்னு, அதனால இந்தக் கல்யாண மண்டபம் முழுக்கப் பாக்கெட் ஷாம்பு வாசனை. எட்டாப்பு, ஒன்பதாப்பு, பத்தாப்பு, வரிசையில நிக்கிறது பூராவும் என் பிள்ளைகள்தான். கிளப் மெம்பர் வீட்டுப் பிள்ளை ஒண்ணுகூட இல்ல. டாக்டரம்மா பத்மஜாவோட மகளுக்கு மாசக் கடைசியில நிச்சயதார்த்தமாம், முடி வேணுமாம். இந்துமதி அக்கா மருமகளுக்குத் தலையில அலர்ஜியாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான். சரி, உடைக்கிற கை என் கை, நான் சலிச்சுக்கிட்டா ஆச்சா. வேர்க்குது. பின்னங்கழுத்துல ஊசி குத்துது. கையைத் தூக்கித் தலையைத் தொடக்கூடாது, தொட்டா ரோஸ்லின் பாப்பா. அவ தொழில்காரி, காலையில வணக்கம் சொன்னப்பவே என் முகத்தைப் பாக்கல, சடையைத்தான் பாத்தா. இல்ல, சும்மா பாத்திருப்பா. எல்லாத்துக்கும் பயந்து சாகுறதே எனக்குப் பொழப்பாப் போச்சு.

என் சடையில முக்கால்வாசி நான் வளத்தது இல்ல. சவுரி. தைராய்டு வந்ததுல இருந்து குளிக்கும்போதெல்லாம் கையோட கையா முடி வரும். அம்மா இருந்த வரைக்கும் அதைச் சுருட்டிச் சன்னல் கம்பியில சொருகி வைப்பா, முடிக்காரன் வந்தாப் போட்டுட்டு ஒரு கிண்ணமாவது வாங்கலாம்னு. "கிண்ணமாவது வருதுல்ல, விடு" ன்னு சொல்லுவா. கல்யாணம் ஆகாத மகளுக்கு முடியும் போகுதேன்னு அவளுக்கு வருத்தமா, இல்ல கிண்ணம் சின்னதா வருதேன்னு வருத்தமா, கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. அவ போன பிறகு மதுரையில தெரிஞ்ச ஆள் யாரும் நடமாடாத ஒரு சந்துக்குள்ள போயி வாங்கினேன். கடைக்காரர் நுனியைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினார். "நேர்ச்சை முடிம்மா, கோயில்ல எறக்குனது, வயசுப்பிள்ள முடி, அதான் இந்த மினுமினுப்பு" ன்னார். யாரு வீட்டுப் பிள்ளைன்னு நான் கேக்கல. கத்திரிக்கா வாங்குறவ எந்தத் தோட்டம்னா கேக்குறா. தினமும் காலையில கதவைச் சாத்திட்டு, என் எலிவாலை அதோட சேத்துப் பின்னி, உச்சியில சொட்டை தெரியாம முன்முடியைப் பின்னால இழுத்து ஊசி குத்திட்டுத்தான் பால்காரருக்கே கதவைத் திறப்பேன். கூந்தல் உள்ளவ அள்ளி முடிவான்னு சொல்லுவாங்க. இல்லாதவ படுற பாட்டை எவ சொல்லுவா.

போன மாசக் கூட்டத்துலதான் வந்துச்சு வினை. எல்லாரும் வட்டமா உக்காந்து வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். இந்துமதி அக்கா எந்திரிச்சு என் பின்னால வந்து, என் சடையை எடுத்து உள்ளங்கையில வச்சு எடை பாக்குற மாதிரி ஏந்தினாங்க. "இந்த வயசுல என்ன அடர்த்தி பாருங்க நம்ம லதாவுக்கு. முதல் தானம் லதாதான். என்ன லதா?" எல்லாரும் கைதட்டினாங்க. பத்மஜா வடையை மெல்லாம என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. சடை அவங்க கையில இருக்கு. கொஞ்சம் வெடுக்குன்னு இழுத்தாப் போதும், நாற்பத்தொன்பது வயசு மானம் அவங்க கையோட போயிரும். "என்னுது எதுக்குக்கா, பாதி நரை, டை அடிச்சது, வாங்க மாட்டாங்க" ன்னேன். அவங்க விடல. "அதெல்லாம் வாங்குவாங்க" ன்னு சொல்லி நுனியைத் தடவிக்கிட்டே நிக்கிறாங்க. அப்பத்தான் என் வாய் தானாத் திறந்துச்சு. "என் கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்குக்கா. முட்டிக்குக் கீழ முடி. பேப்பர்ல போட்டோ வந்தா ஊரே பேசும்." அக்கா சடையை மெதுவா என் முதுகுல விட்டாங்க. "அப்போ அந்தப் பிள்ளையக் கொண்டா" ன்னாங்க. மயிரைக் கட்டி மலையை இழு, வந்தா மலை, போனா மயிருன்னு ஒரு பழமொழி. போறது அடுத்தவ மயிருன்னா இழுக்கிறது இன்னும் சுளுவு.

இப்போ அந்தப் பிள்ளைக்கு முன்னால இன்னும் மூணு பேர்தான் நிக்கிறாங்க. மாரீஸ்வரி, ஒன்பதாப்பு பி பிரிவு. கடைசியா நிறுத்தியிருக்கு, பேப்பர்காரங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. திரும்பித் திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்குது. சிரிக்காதடி, முன்னால பாத்து நில்லு. நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. என்னைச் சொல்றவங்க என் ஞாயித்துக்கிழமையை ஒரு தடவை வாழ்ந்து பாத்துட்டுச் சொல்லட்டும். மாடி வீடு, ரெண்டு ரூம், காலையில ஒரு காப்பி, மத்தியானம் ரசம், சாயங்காலம் மொட்டைமாடியில துணி எடுக்கிறது. போன் அடிச்சா பேங்க்குல இருந்து லோன் வேணுமான்னு கேப்பான், அவன்கிட்டயே ரெண்டு நிமிஷம் கூடப் பேசுவேன். ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேரு கிடையாது, 'கணக்கு'. 'கணக்கு வந்தாச்சா', 'கணக்குகிட்ட சாவி இருக்கு'. அப்படியே கிடந்தவளை ஆசிரியர் தினத்தன்னைக்கு இந்தக் கிளப்புல கூப்பிட்டுச் சால்வை போட்டாங்க. போடும்போது இந்துமதி அக்கா காதுக்குப் பக்கத்துல வந்து, "பேரு ரொம்ப நீளமா இருக்கே, லதான்னு கூப்பிடட்டா?" ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் கண்ணாடி முன்னால நின்னு லதா, லதான்னு சொல்லிப் பாத்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்றேன். அவங்க என்னைவிட ஒரு வயசு சின்னவங்க, இருந்தாலும் நான் அக்கான்னுதான் கூப்பிடுறேன், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. மறுவாரமே கிளப் சேலை குடுத்தாங்க, பீச் கலர்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதைக் கட்டிக்கிட்டுக் கடைத்தெருவுல நடந்தப்போ என்னையும் நாலு பேருல ஒருத்தின்னு பாத்தாங்க. கண் முகாமுல சொட்டு மருந்து ஊத்தி விட்டேன், ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சவ விடவே இல்ல, "மகராசி, நீ நல்லாயிருப்ப" ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அது பொய்யில்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து படுத்தப்போ, நாம எதுக்கோ பிறந்திருக்கோம்னு தோணுச்சு. சனிக்கிழமைன்னா கார் வரும், கீழ நின்னு ஹாரன் அடிக்கும், வீட்டுக்கார அம்மா எட்டிப் பாக்கும், நான் அவசரமே இல்லாத மாதிரி மெதுவாப் படியிறங்குவேன். சீசனுக்குக் குற்றாலம் கூட்டிட்டுப் போனாங்க. வரும்போது கார்ல பின் சீட்டுல அசந்து தூங்கிட்டேன், நாலு பேருக்கு நடுவுல அப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. இதை விட்டுட்டு மறுபடியும் ரசம் வச்சுக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா. செண்பகத்துக்கு என்ன ஆச்சு. ரிட்டயர்டு நர்ஸ், கிளப்பு ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருந்தவ, ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலயும் "அது சரிப்படாது இந்து" ன்னு சொன்னா. அதோட சரி. யாரும் சண்டை போடல, யாரும் விலகச் சொல்லல, அவ போனை மட்டும் யாரும் எடுக்கல. போன வாரம் காய்கறிக் கடையில என்னைப் பாத்து, "லதா, எப்படியிருக்க" ன்னு கேட்டா. பக்கத்துல பத்மஜா நின்னா. நான் வெண்டைக்காயை ஒடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.

அடுத்த பிள்ளை. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. இந்தப் பிள்ளைக்குப் பேன் இருக்கு, சொல்லிறலாமா, வேண்டாம், ரோஸ்லின் பாத்துக்கிடுவா. மாரீஸ்வரியை வளைக்கிறதுக்கு நான் ரொம்ப மெனக்கெடல, அதுதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. நாலு வருஷமா அது என் கிளாஸ்ல கடைசி பெஞ்சு, வகுத்தல் வராது, பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்ல, 'ஏ நீளச்சடை, எந்திரி' ம்பேன். போன மாசம் ஒருநாள் பக்கத்துல கூப்பிட்டு, "மாரி, உன் முடி எவ்வளவு அழகு தெரியுமாடி" ன்னு சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் எனக்கு முன்னாலயே வந்து என் மேசையைத் துடைச்சு வச்சிருந்துச்சு. சாக்பீஸ் எடுத்துக் குடுக்கும், குடை பிடிக்கும், மாரின்னு கூப்பிட்டாக் காது வரைக்கும் சிரிக்கும். பாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இந்தப் பாடு படுத்துமா ஒரு பிள்ளையை. சரி, அதை விடு. ரெண்டு வாரத்துக்கு முன்னால அவங்கம்மா வந்தாங்க, கனியம்மா, மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஸ்டாஃப் ரூமுக்குள்ள வராம வெளிய நின்னு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கிறாங்க. நகக்கண்ணுல எல்லாம் தீக்குச்சி மருந்து. வேலை பாக்குறது இந்துமதி அக்கா வீட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்ல. "டீச்சர், ஏசாதீக. அந்தப் பிள்ள முடி இருக்கங்குடி ஆத்தாளுக்கு நேந்து விட்டது. அவுக அப்பா லோடு லாரியில இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சு மூணு மாசமாப் படுக்கையில கிடந்தாக. மனுசன் எந்திரிச்சு நடந்தா எம்மக முடிய கத்தரி படாம ஒனக்கே எறக்குதேன் தாயேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப கம்பு ஊணி நடக்காக. ஆடி கடைசி வெள்ளிக்குப் போறோம்." நான் டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே கேட்டேன், அப்போ மாட்டேன்னு சொல்றீங்களான்னு. அந்த அம்மா பதறிட்டாங்க. "மொதலாளியம்மா கிளப்புன்னு பிள்ள சொல்லுது. நான் மாட்டேன்னு சொன்னதா அவுக காதுக்குப் போயிரக் கூடாது டீச்சர், வேலைக்கு வம்பாப் போயிரும். நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு அவுக சிநேகிதம். நீங்களாப் பாத்து எப்படியாச்சும் தட்டிவிட்டுருங்க." ஒங்களுக்கு அவுக சிநேகிதம்னு சொன்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. "சரி, நான் பாத்துக்கிடுறேன், நீங்க போங்க" ன்னேன். கும்பிட்டுட்டுப் போனாங்க. நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. அக்காகிட்டச் சொன்னா அடுத்த வார்த்தை என்ன வரும்? "அப்போ லதா, நீயே உக்காரு." மாரிகிட்ட மட்டும் சொன்னேன், உங்கம்மா ஸ்கூலுக்கு வந்து பேசிட்டுப் போனாங்கன்னு. வந்தாங்க, பேசினாங்க, போனாங்க. இதுல எந்த வார்த்தை பொய், சொல்லுங்க பாப்போம்.

எப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டை அடிக்கப்போற முடிதானே. கோயில்ல எறக்குனா அது எங்க போகும், எனக்குத் தெரியாதா, என் தலையிலதான் இருக்கு. அதுக்கு ஒரு நோயாளி தலைக்குப் போகட்டுமே, புண்ணியம். மிச்ச முடியை அம்மனுக்கு எறக்கிக்கிடட்டும். கத்தரி படாமன்னு அந்த அம்மா சொன்னதுதான் தொண்டையில மீன்முள்ளா நிக்குது. அதெல்லாம் மூடநம்பிக்கை. நான் கணக்கு டீச்சர். அந்த ஆளு நடக்கிறது ஆஸ்பத்திரியில போட்ட ஆணியால, முடியால இல்ல. இதை நான் எத்தனை தடவை எனக்குச் சொல்லிக்கிட்டேன், சொல்லச் சொல்ல எதுக்கு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது. மாரி வந்துட்டா. முதுகைக் காட்டி நிக்கிறா. முடியை அள்ளினா என் ரெண்டு கையும் பத்தல, கனமா, குளுகுளுன்னு இருக்கு, தண்ணி குடத்துல கை விட்ட மாதிரி. உயிருள்ள முடி இப்படித்தான் இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு. "டீச்சர்" ங்கிறா. என்னன்னு கேட்டேன். "அம்மா நெசமாவே சரின்னு சொன்னாங்களா டீச்சர்? காலையிலகூட வெள்ளிக்கிழமைக்கு மாவிளக்குக்கு அரிசி போடணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. முடியப் பத்தி ஒண்ணுமே பேசல." உங்கம்மாவுக்கு ஆயிரம் சோலி, நேரா நில்லுன்னேன். நடுவுல ஒரு பேண்டு. "அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல டீச்சர்?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. "அம்மன் என்ன அங்க சவுரிக்கடையா வச்சிருக்கு, உன் முடிக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்க?" அந்த வார்த்தை என் வாயில இருந்து விழுந்துருச்சு. யாருக்காவது கேட்டுச்சா. மேடையைப் பாத்தேன், ரோஸ்லின் கத்தரியைத் துடைச்சுக்கிட்டு இருக்கா. மாரி சிரிக்கிறா, டீச்சர் வேடிக்கையாப் பேசுறாங்கன்னு நினைச்சுட்டா பாவி. "நீங்க எங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொல்லுவீங்களா டீச்சர்? நீங்க சொன்னா ஏச மாட்டாங்க." வாரேன், முடிஞ்சதும் உன்கூடவே வாரேன், வாசல் கேட்டுகிட்ட நில்லுன்னேன். அந்த நிமிஷம் நிசமாவே போறதாத்தான் இருந்தேன். சத்தியமா.

நாற்காலியில உக்காந்துட்டா. இந்துமதி அக்கா மைக்கைப் பிடிச்சு, ஏழை வீட்டுல பிறந்தாலும் மனசுல பணக்காரின்னு பேசுறாங்க. ரோஸ்லின் அந்த முடியைத் தூக்கிப் பாத்தா, விரலால நுனியைப் பிரிச்சுப் பாத்தா, கத்தரியைக் கீழ வச்சுட்டா. "டீச்சர், இது பிறந்ததுல இருந்து கத்தரியே படாத முடி. இந்தப் பக்கத்து வீடுகள்ல இப்படி வளத்தா அது நேர்ச்சை முடியாத்தான் இருக்கும். வீட்ல கேட்டுட்டீங்களா?" மெதுவாத்தான் கேட்டா. ஆனா மேடையில இருந்த எல்லாத்துக்கும் கேட்டுருச்சு. பத்மஜா என்னைப் பாக்குறா. போட்டோக்காரர் கேமராவை இறக்கிட்டார். அக்கா மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, "லதா, கேட்டாச்சுல்ல?" ங்கிறாங்க. கேட்டுட்டு அவங்க கண்ணு என் கண்ணுல நிக்கல, என் தோளுக்குப் பின்னால தொங்குற சடைக்குப் போகுது. இப்போ சொல்லலாம். இல்லக்கா, இது வேண்டாம்னு ஒரு வார்த்தை. சொன்னா அந்த நாற்காலி காலியாகும். காலியான நாற்காலியில யாராவது உக்காரணும், பேப்பர்காரங்க நிக்கிறாங்க. எல்லார் முன்னாலயும் ரோஸ்லின் கை என் தலையில. ஊசி ஊசியா உருவுவா. செண்பகம் காய்கறிக் கடையில தனியா நிக்கிறது தெரியுது. ஞாயித்துக்கிழமை ரசம் கொதிக்கிற வாசனையே மூக்குல ஏறுது. மாரி என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, டீச்சர் என்ன சொன்னாலும் சரிங்கிற முகம். "ஆச்சுக்கா" ன்னேன். "வெட்டுங்க." ரோஸ்லின் என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் கத்தரியை எடுத்தா. மத்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு வெட்டுல போயிருச்சு, இது போகவே இல்ல, அறுக்க அறுக்க அறுபடுது, மைக்கு வேற பக்கத்துல. கடைசி இழை விட்டதும் அந்தப் பிள்ளையோட தலை சட்டுனு முன்னால ஆடுச்சு, சுமை இறக்கினவ மாதிரி. கையைப் பின்னால கொண்டுபோயித் தேடுறா. முதுகு வரைக்கும் தேடுறா. அக்கா அந்தச் சடையை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினாங்க, எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டினாங்க, நானும்தான் தட்டினேன்.

கூட்டம் கலைஞ்சு வெளிய வந்தா மொட்டை வெயில். கேட்டுகிட்ட மாரி நிக்கிறா, கழுத்து வரைக்கும் முடி, கோணலாக் கிடக்கு, வேற ஏதோ ஒரு பிள்ளை மாதிரி இருக்கா. என்னைப் பாத்ததும் கையைத் தூக்கினா. அதுக்குள்ள கார் வந்து முன்னால நின்னுருச்சு. "லதா, ஏறு. வீட்ல சாப்பாடு சொல்லியாச்சு. பின்னால போகாத, என் பக்கத்துல உக்காரு" ன்னாங்க அக்கா. ரெண்டு வருஷமா நான் பரிசுப் பொட்டலங்களோட பின் சீட்டுலதான். ஏறினேன். ஒரு நிமிஷம் உக்காந்துட்டு, அக்கா எனக்கு ஒரு சின்ன வேலைன்னு சொல்லிட்டு இறங்கிறணும்னுதான் ஏறினேன். ஏசி தலையில அடிச்சதும் கண்ணை மூடிட்டேன். டிரைவர் சாப்பாட்டுக் கேரியரை எடுத்து வைக்கப் போயிருந்தார். "லதா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே" ன்னு அக்கா தொடையில தட்டினாங்க. முன் சீட்டுல பத்மஜா திரும்பி உக்காந்தா, இப்பவே சிரிப்பு வந்துருச்சு அவளுக்கு. "குற்றாலம் போயிட்டு வரும்போது பின்னால தூங்குனயே. ஊசி கழண்டு உன் சவுரி பாதி தொங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. பத்மஜாதான் மறுபடியும் எடுத்துக் குத்தி விட்டா. எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும்." எனக்கு ஒண்ணுமே புரியாத மாதிரி இருந்துச்சு, எல்லாம் புரிஞ்சுச்சு. "அப்போ கூட்டத்துல எதுக்குக்கா என்னைக் கேட்டீங்க?" ன்னேன். "சும்மாதான். உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க. நீ உண்மையைச் சொல்லிருவேன்னு பத்மஜா பந்தயம் கட்டினா. நான் சொன்னேன், லதாவாவது சொல்றதாவது, வேற ஆளைப் பிடிச்சுக் குடுத்துருவா பாருன்னு. நான்தான் ஜெயிச்சேன்." கார் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்ல, அதான் கொடுமை, வீட்டு மனுஷங்க சிரிக்கிற மாதிரி சிரிச்சாங்க. அந்தப் பிள்ளை முடியை வாங்காமலே இருந்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு வாய்க் காப்பியோட போயிருக்கும் பேச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வரவழைச்சேன். "சீ, போங்கக்கா" ன்னேன். "கழட்டேன் லதா, பாப்போம். எங்ககிட்ட என்ன உனக்கு" ன்னு அக்கா கொஞ்சினாங்க. எங்ககிட்ட என்ன உனக்கு. இப்படி ஒரு வார்த்தை என்கிட்ட யாரு சொல்லியிருக்கா. பின்னலைப் பிரிச்சேன், ஊசியை ஒண்ணொண்ணா உருவி மடியில போட்டேன், கழட்டி அவங்க கையில குடுத்தேன். சொட்டையில ஏசிக் காத்துப் பட்டுச்சு. அக்கா தடவிப் பாத்துட்டுப் பத்மஜாகிட்டக் குடுத்தாங்க, பத்மஜா தன் தலையில வச்சுப் பாத்தா, மறுபடியும் சிரிப்பு.

கண்ணாடியில யாரோ தட்டினாங்க. பத்மஜா சிரிச்சுக்கிட்டே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினா. மாரி. அவ என்னைப் பாக்கல, பத்மஜா கையில இருக்கிறதைத்தான் பாத்தா. "அம்மா, அது என் முடியா? என் முடின்னா குடுத்துருங்கம்மா. நான் அதையும் சேத்து வெள்ளிக்கிழமை கோயில்ல போட்டுருதேன், எங்கம்மாவுக்குத் தெரியாம." கண்ணுல தண்ணி நிக்குது, விழல. பத்மஜாவுக்கு விளையாட்டு விடல. "உன்னுதா என்னன்னு நீயே பாரு" ன்னு சொல்லிச் சவுரியைத் தூக்கி அந்தப் பிள்ளை கையில போட்டா. மாரி ரெண்டு கையாலயும் ஏந்தினா. விரலால ஒரு தடவை நீவினா, அவ்வளவுதான், அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. நிமிந்து காருக்குள்ள தேடினா. என்னைப் பாத்தா. என் முகத்தை இல்ல, அதுக்கு மேல. எனக்குக் கையைத் தூக்கித் தலையை மறைக்கணும்னு தோணுச்சு, கை வரல. யாரும் சிரிக்கல இப்போ. அவ சுத்தி வந்து என் பக்கத்துக் கதவுகிட்ட நின்னா. நான் கண்ணாடியை இறக்கினேன். கிளாஸ்ல நோட்டு நீட்டுற மாதிரி ரெண்டு கையாலயும் சவுரியை நீட்டினா, வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். "மாரி, டீச்சர் வந்து" ன்னு ஆரம்பிச்சேன், வர்றேன்னு சொல்லப்போனேனா, வரமுடியலன்னு சொல்லப்போனேனா, தெரியல. கதவுப்பிடியில என் கை இருந்துச்சு. அந்தப் பிள்ளை குனிஞ்சு, மத்தவங்களுக்குக் கேக்காம, மெதுவாச் சொல்லுச்சு. "நீங்க இறங்காதீங்க டீச்சர். எல்லாரும் பாப்பாங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுறேன்."

கண்ணாடியை நான்தான் ஏத்தினேன்.